பழைய கணினியில் கேம் ஏன் இன்ஸ்டால் ஆவதில்லை? முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

கம்பம் பள்ளத்தாக்கிலும், மலையேறிக் குமுளி, வண்டிப்பெரியாறு வரையிலும் வீடுகளில் இருக்கும் கணினிகளில் பல, கடையில் புதிதாக வாங்கியவை அல்ல. ஏலக்காய்க் கடையில் சில ஆண்டுகள் கணக்குப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவை உண்டு. தட்டச்சு மையத்தை மூடியபோது மலிவாகக் கிடைத்தவை உண்டு. 2011ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்து, இப்போது தம்பியின் மேசைக்கு வந்திருப்பவையும் உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகள் ஆசையோடு ஒரு கேமை இன்ஸ்டால் செய்ய உட்காரும்போது, அது தொடங்கவே மறுக்கிறது, அல்லது பாதியில் நின்று புரியாத ஒரு செய்தியைக் காட்டுகிறது. உடனே அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதில், “சிஸ்டம் பழசாயிடுச்சு, வேற வாங்குங்க” என்பதுதான். சில கணினிகளுக்கு அந்தப் பதில் பொருந்தும். ஆனால் ஐம்பது, நூறு ரூபாய்ச் செலவிலோ செலவே இல்லாமலோ தீரக்கூடிய சிக்கலுக்கும் அதே பதிலைச் சொல்லி ஒரு குடும்பத்தைப் பல ஆயிரம் ரூபாய்க்கு இழுத்துவிடுவது நியாயமில்லை. எந்தச் சிக்கல் தீரும், எந்தச் சிக்கல் தீராது என்று பிரித்தறியும் வழியை இங்கே விளக்க முயல்கிறேன்.

இன்ஸ்டால் என்பது ஒரே வேலை போலத் தோன்றினாலும், உள்ளே பல வேலைகள் வரிசையாக நடக்கின்றன. நிறுவும் கோப்பு முதலில் உங்கள் விண்டோஸ் எந்த வகை, எந்தப் பதிப்பு என்று பார்க்கிறது; பிறகு வட்டில் இடம் இருக்கிறதா என்று கணக்கிடுகிறது; சுருக்கிக் கட்டப்பட்ட பொதியைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரிக்கிறது; பிரித்தவற்றை உரிய இடத்தில் எழுதுகிறது; கேம் ஓடுவதற்குத் தேவையான துணைக் கோப்புகளைச் சேர்க்கிறது. குமுளி சோதனைச் சாவடியில் லாரி நின்றுவிட்டால், லாரி பழையது என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. எந்த மேசையில், எந்தக் காகிதத்துக்காக நிறுத்தினார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. தொடங்குமுன் நின்றதா, நடுவில் நின்றதா, முடிந்த பிறகு திறக்கவில்லையா என்ற மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய காரணங்களில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகவே, திரையில் வரும் செய்தியை மூடிவிடாமல், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதே முதல் வேலை.

முதலில், தொடங்கவே மறுக்கும் கேம்களைப் பார்ப்போம். “இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது” என்ற பொருளில் செய்தி வந்தால், பெரும்பாலும் அது 32-பிட், 64-பிட் (கணினியின் மூளையான பிராசஸர் ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அளவு) வேறுபாட்டால் வருவது. விண்டோஸ் இந்த இரண்டு வகையிலும் வந்துகொண்டிருந்தது. 32-பிட் விண்டோஸ் அதிகபட்சம் 4 ஜிபி ராமைத்தான் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) கையாளும். 64-பிட்டுக்காக எழுதப்பட்ட எதையும் அதில் ஓட்ட முடியாது. 2015இல் வெளியான ஜிடிஏ 5 கேமின் கணினிப் பதிப்பு 64-பிட் விண்டோஸ், குறைந்தது 4 ஜிபி ராம், வெளியான நேரத்திலேயே 65 ஜிபி வட்டு இடம் என்று கேட்டது. அதற்குப் பிறகு வந்த பெரிய கேம்களில் 32-பிட்டுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். ‘மை கம்ப்யூட்டர்’ (விண்டோஸ் 10இல் ‘திஸ் பிசி’) மீது வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால், ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் உங்களுடையது எந்த வகை என்று எழுதியிருக்கும்.

அந்த வரியை முழுமையாகப் படிப்பது முக்கியம். விண்டோஸ் 10இல், இயங்குதளம் 32-பிட் என்றும், அதே வரியிலேயே பிராசஸர் எக்ஸ்64 வகை என்றும் சேர்ந்து எழுதியிருந்தால், கணினிக்கு 64-பிட் ஓட்டும் திறன் இருக்கிறது, விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் 32-பிட்டைப் போட்டிருக்கிறார் என்று பொருள். 2 ஜிபி ராம் மட்டும் இருந்த கணினிகளில், வேகம் குறையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அன்று அப்படிச் செய்தார்கள். ராமைக் கூட்டிவிட்டு 64-பிட் விண்டோஸைப் போட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு இருப்பதை அப்படியே மேம்படுத்த வழியில்லை. சி டிரைவை ஃபார்மட் செய்து புதிதாகத்தான் போட வேண்டும். கடைக் கணக்கும் கல்யாணப் புகைப்படங்களும் அதே டிரைவில் இருக்கும் வீடுகளில், வேறொரு வட்டில் நகல் எடுக்காமல் யாரையும் இந்த வேலையைத் தொடவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தொண்ணூறுகளின் கேம் ஒன்றை, அன்றைய சிடியிலிருந்து இன்றைய 64-பிட் விண்டோஸில் போட முயன்றால், கேம் 32-பிட்டாக இருந்தாலும் அதன் நிறுவும் கோப்பு 16-பிட்டாக இருந்து தொடங்காமல் போகலாம். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை ஏற்பதே இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம்களை டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். 2000க்குப் பிந்தைய சில சிடிகளில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்பு முறையை விண்டோஸ் 10 ஆதரிப்பதில்லை என்பதால், சரியான சிடியைக் கையில் வைத்திருந்தாலும் அந்தக் கேம்கள் ஓடுவதில்லை. அவற்றின் புதுப்பித்த பதிப்பு இணையத்தில் முறையாக விற்பனைக்கு இருந்தால் அதை வாங்குவதே வழி.

விண்டோஸின் பதிப்பும் இதே இடத்தில் தடுக்கும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம், விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவை 2024 ஜனவரி 1 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்றாலும், பழைய கணினிக்கு இன்றைக்கும் பொருந்தும் பதிப்பு அதுவே என்பது என் கருத்து. ஏனெனில் விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்கிறது. குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுக்கொண்ட பழைய கணினியில் வேலோரன்ட் போன்ற கேம் ஓடாமல் போவது இதனால்தான். விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் என்ற வசதி ஆகிய இரண்டும் இல்லாமல் அந்தக் கேம் ஓடாது.

எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கேரள அரசுப் பள்ளிகளில், அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தயாரித்து வழங்கும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட குனு லினக்ஸ்தான் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) பயன்பாட்டில் இருக்கிறது. பீர்மேடு, தேவிகுளம் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள், பள்ளியில் பழகியதையே வீட்டுக் கணினியிலும் போட்டு வைத்திருப்பார்கள். விண்டோஸுக்கான நிறுவும் கோப்பை அதில் இருமுறை கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. கணினியில் எந்தப் பழுதும் இல்லை. ஸ்டீமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. அதோடு 2018 முதல் வரும் புரோட்டான் என்ற வசதி, விண்டோஸ் கேம்கள் பலவற்றை லினக்ஸிலேயே ஓட்டித் தருகிறது.

யாருக்கும் எளிதில் தோன்றாத காரணம் ஒன்று, கணினியின் தேதி. மதர்போர்டில் சிஆர் 2032 என்ற, நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தையும் அடிப்படை அமைப்புகளையும் காப்பது அதுதான். பல ஆண்டுகள் ஆனபின் அது தீர்ந்துபோனால், கணினியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். இணையத்திலிருந்து இறக்கும் கேம்கள், பாதுகாப்புச் சான்றிதழின் காலம் செல்லுமா என்பதைக் கணினியின் தேதியை வைத்தே பார்க்கின்றன. 2009 என்று நம்பிக்கொண்டிருக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. எனவே இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சொல்லி நிறுத்திவிடும். பலர் இதை இணையக் கோளாறு என்று எண்ணி சிம் கார்டை மாற்றிப் பார்க்கிறார்கள். திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்துங்கள். மறுநாளும் தவறினால், மேசைக் கணினியில் அந்தப் பேட்டரியை மாற்றுவது சில நிமிட வேலை.

தமிழில் எழுதும் நமக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸில் கணக்குத் தொடங்கும்போது பெயரைத் தமிழ் எழுத்துகளில் கொடுத்திருந்தால், சி டிரைவில் உருவாகும் பயனர் கோப்புறையும் அதே தமிழ்ப் பெயரோடு இருக்கும். தற்காலிகக் கோப்புறை அதற்குள்தான் இருக்கிறது. யூனிகோடுக்கு முன்பிருந்த முறையில் எழுதப்பட்ட பழைய நிறுவும் கோப்புகளால் அந்தப் பாதையைப் படிக்க முடிவதில்லை. பொதியைப் பிரிக்க இடம் தெரியாமல் அவை நின்றுவிடும். குறை நம் எழுத்தில் இல்லை, அந்த நிரலில் இருக்கிறது. இருந்தாலும், கணக்கின் பெயரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை, கோப்புறையின் பெயர் பழையபடியே இருக்கும். ஆங்கில எழுத்தில் பெயர் கொண்ட புதிய கணக்கு ஒன்றை நிர்வாகி உரிமையோடு தொடங்கி, அதிலிருந்து இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

இடப் பற்றாக்குறையில் இரண்டு புதிர்கள் வரும். கேமை டி டிரைவில் போடச் சொன்னாலும் சி டிரைவில் இடமில்லை என்று செய்தி வரலாம். பொதியைப் பிரிக்கும் தற்காலிகக் கோப்புறை சி டிரைவில் இருப்பதே அதற்குக் காரணம். மற்றொன்று, 16 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் காலியாக இருந்தும், 5 ஜிபி கோப்பு ஒன்றை ஏற்க மறுப்பது. அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் மீண்டும் ஃபார்மட் செய்தால் போதும்.

இனி, நடுவில் நிற்பவை. நாற்பது, அறுபது சதவீதம் வரை போய், சிஆர்சி பிழை என்றோ, கோப்பு சிதைந்திருக்கிறது என்றோ சொல்லி நிற்பதற்கு நான்கு இடங்களில் காரணம் இருக்கலாம்: இறக்கிய கோப்பு, ஆன்டிவைரஸ், ஹார்ட் டிஸ்க், ராம். இந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது, எளிதில் சோதிக்கக்கூடியதிலிருந்து கடினமானதற்குப் போகும் வரிசை இதுதான். அதே கோப்பை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கும் அதே இடத்தில் நின்றால் கோப்பில்தான் குறை. மலைப்பகுதியில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது அறுந்து அறுந்து வந்த கோப்புக்கு இது சாதாரணம். அங்கே சரியாக ஏறினால் கோப்பு நல்லது, உங்கள் கணினியில் தேட வேண்டும். ஆன்டிவைரஸ் ஏதேனும் கோப்பைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறதா என்று அதன் பட்டியலைப் பார்த்துவிட்டு, சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் ‘டூல்ஸ்’ பகுதியில் உள்ள பிழைச் சோதனையை ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் கேமை மறந்துவிட்டு, முதலில் முக்கியமான கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

ராம் பழுது பலரை ஏமாற்றுவது. கணினி வழக்கம்போல் திறக்கும், பாட்டுப் பாடும், தட்டச்சு செய்ய விடும். பெரிய பொதியைப் பிரிக்கும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதவீதத்தில் நிற்கும். ஒரே இடத்தில் நின்றால் கோப்பையோ வட்டையோ சந்தேகப்படலாம். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ராமைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அனுபவம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குமுளியில் சுவரே நீர் கோத்து நிற்கும். அப்படி ஒரு வீட்டின் மேசைக் கணினியிலிருந்து ராமைக் கழற்றிப் பார்த்தபோது, தங்க நிறத்தில் பளிச்சிட வேண்டிய அதன் கால்கள் மங்கி, பழுப்பேறி இருந்தன. பள்ளிப்பிள்ளையின் வெள்ளை ரப்பரால் அந்தக் கால்களை இருபுறமும் மெல்லத் தேய்த்து, ரப்பர்த் துகள்களைத் தூரிகையால் தட்டி, இரண்டு ஓரக் கொக்கிகளும் டக்கென்று மூடும்வரை அழுத்திப் பொருத்தியதும் அதே கோப்பு தடையின்றி முழுவதும் ஏறியது. இதைச் செய்யுமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி உள்ளே தேங்கிய மின்சாரத்தை விட வேண்டும். உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் ராமைத் தொட வேண்டும். துடைத்தும் சரியாகவில்லை என்றால், விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டினால் ராம் பழுதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கள்ளப் பிரதிகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 60 ஜிபி கேமை 25 ஜிபியாகச் சுருக்கிப் பென்டிரைவில் கைமாற்றுகிறார்கள். அவ்வளவு இறுக்கிச் சுருக்கியதைப் பிரிக்க ராமும் பிராசஸரும் மிகுதியாகத் தேவைப்படுவதால், பழைய கணினியில் அவை ‘ஐஎஸ்டன்’ என்ற பிழையோடு நிற்பது வழக்கம். சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று கேட்கும் ஒரு கோப்பை, வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் போடுவது ஆபத்து. ஸ்டீம், எபிக் போன்ற இணையக் கடைகளில் முறையாக இலவசமாகவே கிடைக்கும் கேம்கள் நிறைய இருக்கின்றன.

இன்ஸ்டால் முழுமையாக முடிந்து, திறக்கும்போது ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு (கேம் ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்று செய்தி வந்தால் கவலைப்பட வேண்டாம். தீர்க்க எளிதான சிக்கல் இதுதான். எம்எஸ்விசிபி140 என்று தொடங்கும் பெயராக இருந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு இல்லை என்று பொருள். 64-பிட் விண்டோஸில் அதன் 32-பிட், 64-பிட் பதிப்புகள் இரண்டையும் போட வேண்டும். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால், விண்டோஸில் கேம்களின் படங்களைக் கையாளும் மென்பொருளான டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் தொகுப்பு தேவை. விண்டோஸ் 10இல் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் அந்தப் பழைய துணைக் கோப்புகள் அதனுடன் வருவதில்லை. காணாமல் போன அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் தருகிறோம் என்று அழைக்கும் அறிமுகமற்ற தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள்.

கடைசியாக, எந்த அமைப்பை மாற்றினாலும் தீராத சிக்கல்கள். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டினால் டைரக்ட்எக்ஸ் அறிக்கை திறக்கும். முதல் பக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 12 என்று பார்த்ததும் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது விண்டோஸில் இருக்கும் மென்பொருளின் எண் மட்டுமே. உங்கள் கிராஃபிக்ஸ் சில்லுக்கு எவ்வளவு தெரியும் என்பது ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ என்ற வரியில் இருக்கிறது. அங்கே 11_0 என்ற எண் இல்லாமல் 10_1 என்று தொடங்கினால், டைரக்ட்எக்ஸ் 11 கேட்கும் கேம் அந்தச் சில்லில் ஓடாது. சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகப் போட்டாலும் மாறாது. 2011இல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசஸர்களின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் 10_1 வரைதான். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையில்தான் 11_0 வந்தது. எனவே பழைய கணினி வாங்கும்போது “ஐ5” என்று சொன்னால் போதாது, முழு எண்ணையும் கேளுங்கள். நான்கு இலக்க எண்களில் முதல் இலக்கம் தலைமுறையைக் காட்டும்: ஐ5 2400 இரண்டாம் தலைமுறை, ஐ5 3470 மூன்றாம் தலைமுறை.

பிராசஸரிலும் இப்படி ஒரு சுவர் உண்டு. புதிய கேம்கள் சில ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. அதற்கும் முந்தைய கோர் 2 டுவோ பிராசஸர்களிலும் முதல் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7களிலும் அது கிடையாது. இரண்டாம் தலைமுறை ஐ வரிசையில் வந்தது. ஆனால் அதே காலத்து பென்டியம், செலரான் சில்லுகளில் அது இல்லை. அத்தகைய கேம் இன்ஸ்டால் ஆகிவிடும், திறந்ததும் செய்தி ஏதும் இல்லாமல் மூடிக்கொள்ளும்.

ஆகவே, கடைக்காரர் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வைக்கும் வேகமான சேமிப்பகம்) போடச் சொன்னால் போடுங்கள், கணினி நிச்சயம் வேகமாகும். ராம் கூட்டச் சொன்னாலும் கூட்டலாம். ஆனால் இந்த இரண்டும் கிராஃபிக்ஸ் சில்லின் ஃபீச்சர் லெவலையோ பிராசஸரின் கட்டளைகளையோ மாற்றப் போவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு பணம் கொடுங்கள். மடிக்கணினியில் கிராஃபிக்ஸை மாற்ற வழியில்லை என்றே கொள்ளலாம். மேசைக் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்கலாம்; அப்போதும் பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை எத்தனை வாட் என்பதையும், பெட்டியின் அகலத்தையும் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். 30 வாட் மட்டுமே எடுக்கும் என்விடியா ஜிடி 1030 போன்ற கார்டுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை, ஒல்லியான அலுவலகக் கணினிகளிலும் பொருந்தும் அளவில் கிடைக்கிறது, டைரக்ட்எக்ஸ் 12 வரை ஏற்கிறது. ஏலக்காய்க் கடையிலிருந்து வந்த ஐ5 2400 கணினிக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்; கோர் 2 டுவோவுக்கு அந்தச் செலவு வேண்டாம், அதில் 2010 வரையிலான கேம்களைப் போட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் விளையாட அவையே ஏராளம்.